கச்சானில் குத்திய ஊசி மாரியில் ஏன் மடிந்தது?

திருகோணமலை நகைப் பட்டறை ஒன்றில் வார்த்த நுண்ணூசிப் பட்டை பற்றிய நிகழ்வு ஆய்வு

மூல அச்சு ஒன்றே. அதிலிருந்து எடுத்த சிலிக்கோன் அச்சும் ஒன்றே. பொலிமர்த் தூள் அதே புட்டி, வார்த்த கையும் அதே கை. ஜூலையில் வார்த்த பட்டையின் ஊசிகள் சோதனைப் படலத்தைச் சிரமமின்றித் துளைத்தன. டிசெம்பரில் வார்த்தவை முதல் அடுக்கிலேயே மடிந்து படுத்துவிட்டன. இடையில் மாறியது ஒன்றுதான்: கச்சான் என்ற வறண்ட காற்று ஓய்ந்து மாரி பிறந்திருந்தது. இப்போது இதை ஒரு வரியில் சொல்லிவிட முடிகிறது. அன்று அச்சைச் சந்தேகித்தோம், தூளைச் சந்தேகித்தோம். மாணவியின் கையைச் சந்தேகித்தவர்களும் உண்டு.

நான் மருத்துவக் கருவிகளைத் திருத்திப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவன். மாணவி ஒருவரின் இறுதியாண்டு ஆய்வுக்குத் துணையாகப் போனேன். அவருடைய நோக்கம் பெரியதல்ல: வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் செய்யப்படும், மருந்தைத் தோலுக்குள் செலுத்திவிட்டுக் கரையும் நுண்ணூசிப் பட்டையை, தூசி வடிகட்டிய சுத்த அறை இல்லாத ஓர் ஊரில், கையில் கிடைக்கும் கருவிகளைக் கொண்டு செய்ய முடியுமா என்று பார்ப்பது. மருந்து எதுவும் ஏற்றவில்லை. எவருடைய தோலிலும் வைத்துப் பார்க்கவில்லை. உணவுச் சாயம் கலந்த பொலிமர், சோதனைப் படலம், இவ்வளவுதான். ஆகவே இதை மருத்துவ ஆய்வாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது செய்முறையைப் பற்றிய ஆய்வு.

நுண்ணூசி எங்கிருந்து வந்தது

தோலின் மேற்புறத்தில் இருக்கும் இறந்த கலங்களின் படை 10 முதல் 20 மைக்ரோமீற்றர் (மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீற்றர்) தடிப்பு மட்டுமே. பெரும்பாலான மருந்துகள் தோல் வழியே உள்ளே போகாமல் தடுப்பது இந்த மெல்லிய படைதான். நரம்பு முனைகளும் இரத்தக் குழாய்களும் செறிந்திருப்பது அதற்குக் கீழே. எனவே அரை மில்லிமீற்றர் அளவு உயரமுள்ள ஊசி ஒன்று அந்தப் படையைத் தாண்டினாலே போதும். வலி மிகக் குறைவு, இரத்தமும் பெரும்பாலும் வராது.

இந்த எண்ணத்துக்கு வயது அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. அமெரிக்காவின் அல்ஸா நிறுவனத்தைச் சேர்ந்த கெர்ஸ்டெல், பிளேஸ் ஆகியோர் 1971இல் விண்ணப்பித்து 1976இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் அவ்வளவு சிறிய ஊசியை ஒழுங்காகச் செய்ய அன்று வழி இருக்கவில்லை. கணினிச் சில்லு செய்யும் தொழிலின் பொறிப்பு முறைகள் மருத்துவத்தின் பக்கம் திரும்பிய பிறகே வழி பிறந்தது. 1998இல் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கல்விநிறுவனத்தில் மார்க் பிரௌஸ்னிட்ஸ் உள்ளிட்ட குழு, சிலிக்கன் தகட்டை அயனிகளால் அரித்து 150 மைக்ரோமீற்றர் உயர ஊசிகளைச் செய்து, தோலின் ஊடுபுகவிடும் தன்மை ஆயிரம் மடங்குக்கும் மேல் கூடுவதைக் காட்டியது.

சிலிக்கன் முனை தோலுக்குள் முறிந்து தங்கிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி உடனேயே எழுந்தது. அதற்கான மறுமொழிதான் கரையும் ஊசி. நீரில் கரையும் பொலிமரையோ சர்க்கரையையோ ஊசியாக வார்த்து, மருந்தை அதற்குள்ளேயே வைத்துவிடுவது. தோலின் ஈரத்தில் ஊசி கரைந்துவிடும். பிறகு வெறும் அடித்தளத்தைப் பிய்த்து எறியலாம், கூரான கழிவு மிஞ்சாது. இன்புளுவென்சா தடுப்புமருந்து ஏற்றிய இத்தகைய பட்டையை 100 பேரிடம் பரிசோதித்த முதற்கட்ட ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வெளிவந்தது. 2024இல் காம்பியாவில் சின்னமுத்து, ருபெல்லா தடுப்புமருந்துப் பட்டை கைக்குழந்தைகளிடமும் பரிசோதிக்கப்பட்டு நல்ல பலன் வெளியாயிற்று.

இங்கே ஒரு குறுக்குப் பேச்சு. இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசி ஏற்றம் ஏற்கெனவே மிக உயர்ந்த நிலையில் இருக்கிறது. ஆகவே ‘நாட்டைக் காக்கும் கண்டுபிடிப்பு’ என்று இதற்கு மாலை போடத் தேவையில்லை. குளிர்சாதனத் தேவையும் ஊசிக் கழிவும் குறையும். அந்த அளவு பயன் போதும்.

எந்த முறை, ஏன்

நுண்ணுருவாக்கத்துக்கு முறைகள் பல. ஒளியால் உறையும் பிசினைத் தகட்டில் மெல்லிதாகச் சுழற்றிப் பரப்பி, முகமூடி ஒன்றின் ஊடாகப் புறஊதா ஒளி காட்டி உருவம் எடுப்பது ஒளிப்பொறிப்பு. சிலிக்கனை ஆழமாக அரிப்பது இன்னொரு முறை. இரு போட்டோன்களை, அதாவது ஒளித்துகள்களை, ஒரே புள்ளியில் சேர்த்துப் பிசினை உறையவைக்கும் லேசர் முறையில் 100 நானோமீற்றர், அதாவது மைக்ரோமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவு வரை நுணுக்கம் கிடைக்கும். 1995இல் ஸ்டீபன் சூ அறிமுகப்படுத்திய நானோ அழுத்தப் பதிப்பில் அதைவிடவும் நுணுக்கம் உண்டு.

‘நானோ’ என்ற சொல்லைக் கேட்டதும் மயங்குகிறவர்கள் நம்மிடையே அதிகம். எனக்கு அந்த மயக்கம் இல்லை. எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பதைக் கருவியின் திறனிடம் கேட்கக் கூடாது, வேலையிடம் கேட்க வேண்டும். எங்கள் ஊசிக்கு வேண்டியது ஏறத்தாழ 600 மைக்ரோமீற்றர் உயரமும், சில பத்து மைக்ரோமீற்றருக்கு மேற்படாத முனையும். மனிதத் தலைமயிரின் தடிப்பு 50 முதல் 100 மைக்ரோமீற்றர் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் அளவு புரியும். இதற்கு நூறு நானோமீற்றர் லேசர் வேண்டியதில்லை.

புல்மோட்டையில் இல்மனைற் மணல் மலையாகக் கிடக்கும்போது தைத்தேனியத்தில் ஊசி செய்யலாமே என்று ஒருவர் கேட்டார். அந்தக் கரிய மணல் இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு. அதிலிருந்து உலோகம் எடுப்பது தனித் தொழிற்சாலை வேலை. மணல் பக்கத்து ஊரில் கிடக்கிறது என்பதற்காக உலோகமும் பக்கத்தில் இருப்பதாகிவிடாது.

நாங்கள் எடுத்தது அச்சு வார்ப்பு முறை. 1990களில் ஹார்வர்டில் ஜோர்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர் வளர்த்தெடுத்த மென் பொறிப்பு முறையின் எளிய வடிவம் என்று இதைச் சொல்லலாம். ஊசிகள் நிமிர்ந்து நிற்கும் மூல அச்சு ஒன்றைச் செய்வது; அதன்மேல் திரவச் சிலிக்கோனை ஊற்றி இறுகவைத்துக் கழற்றுவது; இப்போது சிலிக்கோனில் ஊசிக்குழிகள் இருக்கும்; அவற்றில் பொலிமர்க் கரைசலை நிரப்பி உலர்த்தி உரிப்பது.

நகைப் பட்டறைக்குப் போனதில் வேடிக்கை எதுவும் இல்லை. இப்போது மெழுகில் கையால் செதுக்கும் பட்டறைகள் குறைந்துவிட்டன. பிசினில் அச்சிடும் முப்பரிமாண அச்சுப்பொறி, வார்ப்புக் கலவையிலிருந்து காற்றுக் குமிழியை வெளியேற்றும் வெற்றிடப் பானை, மில்லிகிராம் காட்டும் தராசு, பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை எல்லாம் அங்கே இருந்தன. நுண்ணூசிக்கு வேண்டிய தளவாடத்தில் பாதி, தோடு செய்யும் மேசையிலேயே கிடைத்துவிட்டது. இல்லாதது ஒன்றே, சுத்த அறை.

சுத்த அறை பற்றிச் சொல்லும்போது எல்லோரும் தூசியைத்தான் சொல்வார்கள். நியாயம்தான். ஐஎஸ்ஓ 5 தரத்து அறையில் ஒரு கனமீற்றர் காற்றில் அரை மைக்ரோமீற்றரும் அதற்கு மேலும் பருமனான துகள்கள் 3,520க்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் ஊசிக்குத் தூசி பெரிய எதிரியல்ல. ஒரு குழியில் துகள் விழுந்தால் ஓர் ஊசி கெடும், அவ்வளவே. ஆனால் அந்த அறைகள் சத்தமில்லாமல் செய்துதரும் இன்னொரு வேலை உண்டு. அங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 40, 45 சதவீதத்தை ஒட்டியே வைக்கப்பட்டிருக்கும். அந்த அறைகளுக்குள் இருந்து எழுதப்படும் செய்முறைகளில் இதை யாரும் எழுதுவதில்லை. மீனுக்குத் தண்ணீர் தெரிவதில்லை.

செய்த விதம்

அச்சுப்பொறியின் ஒளி 405 நானோமீற்றர் அலைநீளம். ஒரு படப்புள்ளியின் அகலம் 50 மைக்ரோமீற்றர். பத்துக்குப் பத்தாக நூறு ஊசிகள் கொண்ட நிரை. கணினியில் 800 மைக்ரோமீற்றர் உயரம் வரைந்தால் அச்சில் வருவது அதைவிடக் குட்டையாக இருக்கும். உச்சிக்குப் போகப்போக ஊசியின் அகலம் ஒரு படப்புள்ளியைவிடச் சிறிதாகிவிடுவதால், கடைசி அடுக்குகள் சரியாக உறைவதில்லை. இது குறையாகத் தெரிந்தாலும் எங்களுக்கு உதவியது: அரைகுறையாக உறைந்த உச்சிதான் கூரான முனையைத் தந்தது. வேண்டியதைவிட உயரமாக வரைந்தால் வேண்டிய உயரம் கிடைக்கும்.

சிலிக்கோன் என்று நான் சொல்வது பொலிடைமெதில்சிலொக்சேன். பத்துப் பங்கு அடிப்பொருளுக்கு ஒரு பங்கு இறுக்கி. கலந்து, வெற்றிடப் பானையில் குமிழி அடங்கும் வரை வைத்து, மூல அச்சின்மேல் ஊற்றி, சூட்டடுப்பில் வைப்போம். 100 பாகை செல்சியஸில் என்றால் 35 நிமிடத்தில் இறுகும். அறைச் சூட்டில் விட்டால் இரண்டு நாள் எடுக்கும். பிசின் அச்சு அவ்வளவு சூட்டைத் தாங்காது என்பதால் குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வைத்தோம்.

முதல் தடை இங்கேதான் வந்தது. கழற்றிய சிலிக்கோனின் ஊசிப்பக்கம் இறுகாமல் பிசுபிசுத்தது. பிசின் அச்சிலிருந்து கசியும், உறையாத மூலக்கூறுகள் சிலிக்கோனை இறுகவைக்கும் பிளாட்டினம் ஊக்கியைக் கெடுத்துவிடுகின்றன. அச்சை அல்ககோலில் நன்றாகக் கழுவி, நடுப்பகல் வெயிலில் காயவிட்டு, பிறகு மணிக்கணக்கில் சூட்டடுப்பில் வைத்த பின்பே அது சரியாயிற்று. அதன் பிறகும் ஓர் அச்சில் மட்டும் விளிம்போரம் இரண்டு இடங்கள் இறுகவில்லை. இரண்டும் விரல் நுனி அளவு, விரல் நுனி வடிவம். இறப்பர் கையுறையில் இருக்கும் கந்தகமும் அதே ஊக்கிக்கு நஞ்சு. நைட்ரைல் கையுறை என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள் என்று இதைச் செய்யப்போகிற எவருக்கும் சொல்வேன்.

இந்தச் சிலிக்கோனுக்கு ஒரு குணம் உண்டு. அது நானோமீற்றர் அளவு நுணுக்கத்தைக் கூடப் பிரதி எடுத்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நல்லதை மட்டும் அது பிரதி எடுப்பதில்லை. மூல அச்சில் அடுக்கடுக்காக இருக்கும் படிக்கோடுகள், ஒரு கீறல், துடைக்க மறந்த அல்ககோல் கறை, எல்லாமே அச்சுக்குள் போய், ஊசியிலும் வந்துவிடும். படிக்கோடுகள் பள்ளமாக இருந்தால் உரிக்கும்போது ஊசி அதில் மாட்டிக்கொள்ளும்.

நிரப்பிய பொருள் பொலிவினைல்பைரோலிடோன் என்ற, நீரில் கரையும் பொலிமர். மாத்திரை செய்வோர் பொடியைப் பிணைக்கப் பயன்படுத்துவது. கெட்டியான கரைசலாக்கி, அச்சின்மேல் ஊற்றி, மீண்டும் வெற்றிடம். குழிக்குள் இருக்கும் காற்று குமிழியாக மேலே வந்து உடையும், கரைசல் உள்ளே இறங்கும். அதற்குப் பின் நாங்கள் பின்பற்றிய செய்முறையில் ஒரே வரி: அறை வெப்பநிலையில் இரவு முழுவதும் உலர்த்தவும்.

யாருடைய அறை?

கோளாறு வெளிப்பட்ட விதம்

திருகோணமலையின் காற்றைத் தெரியாதவர்களுக்காக: மே முதல் செப்டெம்பர் வரை எங்களுக்கு வீசுவது கச்சான். தென்மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடாக எங்கள் பக்கம் இறங்கும். ஒக்டோபருக்குப் பிறகு நிலைமை தலைகீழ். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜனவரிக்கு முன் பெய்து தீர்ந்துவிடும். வீட்டுச் சுவர் வியர்க்கும், துணி காயாது.

ஜூலையில் பட்டைகள் கண்ணாடி போல் கடினமாக, ஒரே இழுப்பில் உரிந்து வந்தன. சோதனைக்கு ஆய்வுகூடங்களில் குழாய்வாய் மூடப் பயன்படும் பாராபிலிம் மெழுகுப்படலத்தைப் பயன்படுத்தினோம். பன்றித்தோல்தான் மனிதத் தோலுக்கு நெருங்கிய மாற்று. எங்கள் சந்தையில் அதைத் தேடுவது வீண் அலைச்சல். பெல்பாஸ்ற் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ரையன் டொனலி குழுவினர் 2014இல் முன்வைத்த முறை இது: ஏறத்தாழ 127 மைக்ரோமீற்றர் தடிப்புள்ள படலத்தை எட்டு அடுக்காக மடித்து, பட்டையை அதன்மேல் வைத்து 32 நியூட்டன் விசையில் அரை நிமிடம் அழுத்துவது. 32 நியூட்டன் என்றால் மூன்றேகால் கிலோகிராம் நிறை. சமையலறைத் தராசும் கட்டைவிரலும் போதும். பிறகு அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், துளைத்த இடமெல்லாம் ஒளிப்புள்ளியாகத் தெரியும். ஜூலைப் பட்டையின் புள்ளிகள் இரண்டாம் அடுக்கில் வரிசை பிசகாமல் இருந்தன. மூன்றாவதிலும் பல தென்பட்டன. தோலுக்குள் போக அது தாராளம்.

டிசெம்பர்ப் பட்டையில் முதல் அடுக்கிலேயே புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். மாணவி ஒன்றும் பேசாமல் படலத்தை மடித்து உறைக்குள் வைத்து, தேதி எழுதினார். நான் அச்சு தேய்ந்துவிட்டது என்றேன். சிலிக்கோன் அச்சு பலமுறை உரித்தபின் கிழியத் தொடங்கும் என்பது தெரிந்ததே.

பட்டறைக்காரரே முதலில் உருப்படியாக ஒன்றைச் சொன்னார். கைவில்லையைக் கண்ணில் பொருத்திக்கொண்டு, பட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு,

“தம்பி, அச்சு நிரம்பாவிட்டால் முனை மொட்டையாக வரும். இது மொட்டையில்லை, முழுசாக வந்திருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கிறது” என்றார்.

“எந்தப் பக்கம், ஐயா?” என்று மாணவி கேட்டார்.

“பிள்ளை அச்சை எந்தப் பக்கமிருந்து உரித்தீர்களோ, அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்.”

இது சிறிய கவனிப்பல்ல. வெறுங்கண்ணுக்கு இரண்டு கோளாறும் ஒன்றாகவே தெரியும்: ஊசி குத்தவில்லை. ஆனால் மொட்டை முனை என்றால் குழிக்குள் காற்று சிக்கியிருக்கிறது, வெற்றிடத்தைப் பார்க்க வேண்டும். பாதியில் ஒடிந்த முனை என்றால் அச்சுச் சுவரில் மாட்டியிருக்கிறது, மூல அச்சைப் பார்க்க வேண்டும். முழு முனை ஒரே திசையில் வளைந்திருந்தால், உரிக்கும் நேரத்தில் ஊசி மென்மையாக இருந்திருக்கிறது. அச்சில் குற்றமில்லை.

நான் அதை உடனே ஏற்கவில்லை. வன்பொருள் கடையில் இரண்டு குழாய்களாக விற்கும் எபொக்சிப் பசையை அதே பழைய அச்சில் ஊற்றி இறுகவிட்டுப் பார்த்தோம். ஊசிகள் கூராக, நேராக வந்தன. அச்சு குற்றவாளியல்ல என்பது முடிவாயிற்று. தூள் ஈரம் பிடித்திருக்குமோ என்று சூட்டடுப்பில் உலர்த்தி மறுபடி வார்த்ததும் வீணே. எப்படியும் அதைத் தண்ணீரில்தான் கரைக்கப்போகிறோம் என்று மாணவி சிரித்தார். அந்தச் சிரிப்பு நியாயமானது.

உப்புப் பெட்டி

சந்தேகம் காற்றின்மேல் திரும்பியபின், அதை நிரூபிக்க மழையை நம்பிக் காத்திருக்க முடியாது. ஈரப்பதத்தை நம் விருப்பப்படி வைக்க வேண்டும். அதற்கு மிகப் பழைய வழி ஒன்று இருக்கிறது. மூடிய பெட்டிக்குள் கரையாத உப்பு மிஞ்சி நிற்கும் நிறைவுற்ற உப்புக்கரைசல் வைத்தால், உள்ளே இருக்கும் காற்றின் சார்பு ஈரப்பதம் ஒரு குறித்த எண்ணில் போய் நிற்கும். சமையல் உப்பென்றால் 75 சதவீதம். மகனீசியம் குளோரைட்டு என்றால் 33 சதவீதத்தை ஒட்டி. மின்சாரம் வேண்டாம், கருவி வேண்டாம். காற்று ஈரமானால் கரைசல் உறிஞ்சும், வறண்டால் விடும். நிலாவெளிப் பக்கம் உப்பளத்தைப் பார்த்தபடியே வளர்ந்த எங்களுக்கு, கூழாக நனைத்த உப்பு ஓர் அளவுகருவி என்பது புதிதாக இருந்தது.

ஜூலைப் பட்டைகளில் சிலவற்றை மாணவி அலுமினியத் தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்காக்கூழ்ப் பொதியோடு புட்டியில் அடைத்து வைத்திருந்தார். இந்த ஆய்வில் உருப்படியான முடிவு கிடைத்ததற்கு அந்த ஒழுக்கமே காரணம். அவற்றில் ஒன்றை எடுத்துச் சோதித்தோம்: இன்னும் நன்றாகத் துளைத்தது. இன்னொன்றைச் சமையல் உப்புப் பெட்டிக்குள் வைத்து, இடையிடையே நகைத் தராசில் நிறுத்தோம். நிறை கூடிக்கொண்டே போயிற்று. அன்று மாலையே அதன் முனைகளை நகத்தால் மடிக்க முடிந்தது; அடித்தளம் மட்டும் இன்னும் விறைப்பாக இருந்தது. மாரியில் மூடி திறந்து கிடந்த முறுக்கின் கதைதான். மறுபடி சிலிக்காக்கூழில் வைத்தபோது நிறை இறங்கியது, ஊசியும் கடினமாயிற்று. ஆனால் மடிந்தது மடிந்தபடியே கடினமாயிற்று.

மாரிக்காலத்தில் கலந்த அதே கரைசலை 33 சதவீதப் பெட்டிக்குள் வைத்து உலர்த்தி உரித்தோம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஊசிகள் இரண்டாம் அடுக்கைத் துளைத்தன.

காரணம்

இந்தப் பொலிமருக்குக் கண்ணாடி நிலை மாறும் வெப்பநிலை ஒன்று உண்டு. அதற்குக் கீழே அது கண்ணாடித்தன்மையோடு விறைத்து நிற்கும். மேலே போனால் இறப்பராகிவிடும். முற்றாக உலர்ந்த பொலிவினைல்பைரோலிடோனுக்கு அந்த எண் 150 பாகைக்கும் மேல். எனவே எவரும் அறைச் சூட்டில் இது இளகும் என்று நினைப்பதில்லை. ஆனால் அது காற்றிலிருந்து நீரை ஆவலோடு உறிஞ்சும். உள்ளே புகும் நீர் பொலிமர்ச் சங்கிலிகளை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவிடுகிறது. அந்த எண் சரிகிறது. மாரிக்கால ஈரப்பதத்தில் அது நாம் உட்கார்ந்திருக்கும் அறையின் சூட்டுக்கே இறங்கிவிடுகிறது.

முனை மட்டும் ஏன் முதலில் இளகுகிறது? இங்கேதான் நுண்ணளவு தன் குணத்தைக் காட்டுகிறது. ஒரு திண்மத்துக்குள் நீர் பரவ எடுக்கும் நேரம் தடிப்பின் வர்க்கத்தோடு வளரும். முனையருகே 25 மைக்ரோமீற்றர், அடித்தளம் ஒரு மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், தடிப்பு 40 மடங்கு. நேரம் 1,600 மடங்கு. முனை சில நிமிடங்களில் ஈரம் குடித்துவிடும்போது அடித்தளத்துக்கு நாட்கள் தேவைப்படும். கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தால் பட்டை கடினமாகவே தெரியும், குத்த வேண்டிய இடம் மட்டும் இளகியிருக்கும். பெரிய பொருளைத் தொட்டு உணர்ந்து பழகிய கை இங்கே ஏமாந்துபோகும்.

2017 ஆய்வில் பட்டையில் இருந்த தடுப்புமருந்து 40 பாகை செல்சியஸில் ஓராண்டு வரை நிலைத்திருந்தது. இந்த எண்ணைப் படித்துவிட்டு, நம் நாட்டுக்கு ஏற்றது, எங்கும் வைக்கலாம் என்று முடிவுகட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது சூட்டைப் பற்றிய எண். உறைக்குள் உலர்வாக அடைக்கப்பட்ட பட்டையைப் பற்றியது. உறையைத் திறந்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே மேசையில் வைத்துவிட்டால் மட்டக்களப்பிலும் மூதூரிலும் திருகோணமலையிலும் டிசெம்பர் மாதம் வேறு கணக்கைச் சொல்லும். எங்கள் கரையில் வெயில் அவ்வளவு பெரிய பகை இல்லை, ஈரக்காற்றுத்தான் பகை.

மாற்றியவையும் மாறாதவையும்

முதலில் அவசரப்பட்டுச் சிலிக்காக்கூழ்ப் பெட்டிக்குள் உலர்த்தினோம். அது மிகையாகிவிட்டது. மேற்பரப்பு உடனே காய்ந்து தோலாகி, உள்ளே இருந்த நீர் வெளியேற வழியின்றி நின்றது. பிறகு அடித்தளம் விளிம்பில் சுருண்டு வெடித்தது. அப்போதுதான் ஜூலைப் பட்டைகளை மீண்டும் கூர்ந்து பார்த்தோம். அவற்றிலும் அதே சுருளல், குறைந்த அளவில். ஊசி நன்றாகக் குத்தியதால் அதை யாரும் பொருட்படுத்தியிருக்கவில்லை. கச்சானும் குற்றமற்றதல்ல என்பது தெரிந்தது: மாரி முனையைக் கெடுத்தது, கச்சான் அடித்தளத்தைக் கெடுத்தது. ஆகவே இப்போது எல்லாப் பருவத்திலும் 33 சதவீதப் பெட்டிதான். காற்று எப்படி இருந்தாலும் பெட்டிக்குள் ஒரே காலநிலை.

உப்பளத்தில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் மகனீசியம் குளோரைட்டு நிறைய இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் அதையே பயன்படுத்தலாமே என்ற ஆசை எனக்கு வந்தது. ஆனால் அதில் வேறு உப்புகளும் கலந்திருக்கும். கலவை மாறினால் 33 என்ற எண் நிற்காது. எண்ணுக்காகவே இந்தப் பெட்டியைக் கட்டினோம். ஆகவே தூய உப்பைக் காசு கொடுத்து வாங்கினோம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதால் நாடு முழுவதும் இருண்டதாக அமைச்சர் சொன்ன அந்த நாளிலும் பெட்டிக்குள் ஒரு தொகுதி உலர்ந்துகொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. குளிரூட்டிய அறையில் வைத்திருந்தால் அன்று அந்தத் தொகுதி போயிருக்கும். அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில், மின்சாரம் கேட்காத முறைக்கு இருக்கும் மதிப்பை ஆய்வுக் கட்டுரைகள் கணக்கில் எடுப்பதில்லை.

பொலிமரின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொலிவினைல் அல்ககோலைச் சேர்த்தும் பார்த்தோம். அது குறைவாகவே ஈரம் குடிக்கும். ஊசி மாரியைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கியது. ஆனால் கரைய அதிக நேரம் எடுக்கும். தோலில் ஐந்து நிமிடம் ஒட்டியிருக்க வேண்டியது இருபது நிமிடம் என்றால், அழும் குழந்தையின் கையில் அதை யார் பிடித்துக்கொண்டிருப்பது? ஈரத்தைத் தாங்குவதும் ஈரத்தில் கரைவதும் ஒன்றுக்கொன்று எதிரான குணங்கள். கரையும் ஊசி என்று பெயர் வைத்தபின் நீருக்கு அஞ்சாத பொருளைத் தேடுவதில் பொருளில்லை. ஆகவே பொருளை மாற்றுவதைவிட உறையைக் கவனிப்பதே சரி என்பது என் முடிவு. மாணவிக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. சர்க்கரை வகைகளில் டிரெஹலோசைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறார். அதன் கண்ணாடி நிலை மாறும் வெப்பநிலை சீனியுடையதைவிட நாற்பது பாகைக்குக் குறையாமல் உயர்ந்தது என்பது அவர் பக்கத்து வாதம். பார்க்கலாம்.

இந்த முறையில் தீராத குறை ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தப் பட்டையை எவருடைய தோலிலும் வைக்க முடியாது. வைத்தியசாலைகளில் இருக்கும் நீராவிக் கிருமிநீக்கி 121 பாகை நீராவியில் வேலை செய்வது. அதில் வைத்தால் பட்டை கரைந்து கூழாகிவிடும். கதிர்வீச்சால் கிருமி நீக்கலாம், அது மருந்தைக் கெடுக்கிறதா என்பதை ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். அல்லது தொடக்கம் முதலே கிருமியற்ற அறையில் செய்ய வேண்டும். பிசின் அச்சிலிருந்து ஏதேனும் சிலிக்கோன் வழியாக ஊசிக்குள் வருகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். நகைப் பட்டறையில் கற்கலாம், திருத்தலாம், ஒரு செய்முறை எந்த இடத்தில் உடைகிறது என்று கண்டுபிடிக்கலாம். மருந்து செய்ய முடியாது. சுத்த அறை வேண்டாம் என்று இந்த ஆய்வை மேற்கோள் காட்டி எவரும் பேச வேண்டாம்.

இப்போது மாணவியின் செய்முறைக் குறிப்பில் ‘அறை வெப்பநிலையில் இரவு முழுவதும்’ என்ற வரி அடிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக எழுதப்பட்டது: 28 முதல் 32 பாகை செல்சியஸ், 33 சதவீதச் சார்பு ஈரப்பதம், நிறை இரண்டு அளவீட்டில் மாறாமல் நிற்கும் வரை. உரிப்பதற்கு முன் மூலை ஊசி ஒன்றை நகத்தால் தொட்டுப் பார்க்கவும். மடிந்தால் திரும்பப் பெட்டிக்குள். உரித்ததும் உடனே சிலிக்காக்கூழோடு அலுமினிய உறை. உறையை ஒட்ட, மிக்சர்ப் பொதி அடைப்பவர்கள் வைத்திருக்கும் சூட்டு முத்திரைக் கருவியை இரவல் வாங்கியிருக்கிறோம். அதன் ஒட்டு மாரியைத் தாங்குகிறதா என்று பார்க்க, சாதாரணப் பொலித்தீன் உறையிலும் அலுமினிய உறையிலும் அடைத்த பட்டைகள் ஒக்டோபர் முதல் பட்டறை அலுமாரியில் இருக்கும். மாதம் ஒன்று பிரிக்கப்படும்.